வெளிநாட்டில் மருத்துவம் முடித்தவர்களின் தகுதித் தேர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்பியவர்களும் அவர்களின் பெற்றோரும் எழுதியவை. இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற அவர்கள் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வைப் பற்றியே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ்ப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: என் மகள் கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்துப் பட்டத்துடன் திரும்பினாள். இரண்டு முறை தேர்வெழுதியும் கடைசியாக 132 மதிப்பெண்ணே வந்தது. "அங்கே ஒழுங்காகப் படிக்கவில்லையா?" என்று உறவினர்கள் என் எதிரிலேயே கேட்கிறார்கள். அவள் அறையை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. இனியும் முயலலாமா, வேறு வேலைக்குப் போகச் சொல்லலாமா?
(ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அம்மா, முயலலாம்; முயலத்தான் வேண்டும். இந்தத் தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு நடப்பது, அதில் 150 எடுத்தால் தேர்ச்சி. உங்கள் மகள் 18 மதிப்பெண்ணில்தான் தேர்ச்சியைத் தவறவிட்டிருக்கிறாள். 2025 ஜூன் மாதத் தேர்வில் எழுதியவர்களில் 18.61 விழுக்காட்டினரே தேறினார்கள். ஐந்து பேர் எழுதினால் நான்கு பேர் திரும்ப எழுத வேண்டியிருக்கும் ஒரு தேர்வில் 132 எடுத்த பெண்ணை, படிக்காதவள் என்று யாரும் சொல்ல உரிமையில்லை. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக ஜூன், டிசம்பர் மாதங்களை ஒட்டி நடைபெறுகிறது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை.

உறவினர்களின் கேள்விக்கும் நேரான பதில் ஒன்று உண்டு. அங்கே வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி ரஷ்ய மொழியோ கிர்கிஸ் மொழியோ பேசுகிறார். அந்த மொழியைச் சரளமாகக் கற்காத மாணவர், பேராசிரியருக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி; நோயாளியிடம் தானே விசாரித்து, தானே வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வரும் பழக்கம் வருவதில்லை. எஃப்.எம்.ஜி.இ. கேள்விகளில் கணிசமானவை, நோயாளியின் நிலையைச் சில வரிகளில் சொல்லி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவை. பாடம் தெரிந்தும் விடை தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அது உழைப்பின் குறையன்று. பயிற்சி கிடைக்காமல் போனதன் விளைவு. எனவே ஈடுசெய்யவும் கூடியது.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மதிப்பெண்ணைக் கேட்டு யாரும் தொலைபேசியில் அழைக்காதபடி நீங்களே தடுத்துவிடுங்கள். நாளில் ஒரு வேளையாவது அவள் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடட்டும். அந்த நேரத்தில் தேர்வுப் பேச்சு வேண்டாம். தூக்கமில்லாமை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசவும் முடியும். மருத்துவம் படித்தவளுக்கு மருத்துவம் தேவைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ரஷ்யாவில் படித்து முடித்து வந்து ஆறு மாதமாகிறது. ஆன்லைன் கோச்சிங்கில் 19 பாடங்களின் வீடியோக்களையும் வரிசையாகப் பார்த்து வருகிறேன். அனாட்டமி முடிந்து பிசியாலஜி பாதியில் இருக்கிறது, அனாட்டமி மறந்துவிட்டது. எந்தப் பாடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?
(வாசகர், வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: முதலாண்டுப் பாடத்திலிருந்து வரிசையாக வரும் இந்த முறையைத்தான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள், இதில்தான் அதிக மாதங்கள் வீணாகின்றன. மதிப்பெண் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றுக்கும் தலா 17. பேத்தாலஜி (நோயியல்), மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்), பார்மகாலஜி (மருந்தியல்) தலா 13. தடயவியல் மருத்துவம் 10. இவை ஏழும் சேர்ந்து 100. மீதி 200 மதிப்பெண்ணும் நோயாளியைச் சார்ந்த பாடங்களுக்கும் சமூக மருத்துவத்துக்கும் உரியவை: பொது மருத்துவம் 33, அறுவை மருத்துவம் 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30, குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை தலா 15, மனநலம், தோல், கதிரியக்கச் சிகிச்சை, மயக்கவியல், எலும்பியல், ரேடியாலஜி தலா 5.

இந்தக் கணக்கை வேறு விதமாகவும் கூட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் காது மூக்கு தொண்டைக்கும் சேர்த்து 30, ஐந்து மதிப்பெண் பாடங்கள் ஆறுக்கும் 30, சமூக மருத்துவம் 30, தடயவியல் 10. இவை மட்டுமே 100 ஆகின்றன. பொது மருத்துவத்தோடு ஒப்பிட்டால் இவற்றின் பாடப்பரப்பு சிறியது, சில வாரங்களில் ஒரு சுற்று முடித்துவிடக்கூடியது. என் மாணவர்களிடம் நான் முதலில் இவற்றைத்தான் முடிக்கச் சொல்கிறேன். அதன்பின் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயைப் படிக்கும்போதும் அதற்குரிய பேத்தாலஜியையும் மருந்தியலையும் அங்கேயே சேர்த்துப் படித்துவிட வேண்டும். அனாட்டமியை முழுதாகப் படிக்க நினைத்தால் அதற்கே ஓராண்டு போதாது. கடைசி இரண்டு மாதங்களில் முந்தைய கேள்விகளின் வழியாக மட்டும் அதைத் தொட்டால் போதும் என்பது என் கருத்து.

வீடியோ பார்ப்பதைப் படிப்பென்று எண்ணிவிடாதீர்கள். சொல்பவர் தெளிவாகச் சொல்லும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். வீடியோவை மூடிவிட்டு அதே தலைப்பில் 30 கேள்விகளுக்கு விடை குறித்துப் பார்த்தால்தான் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது தெரியும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், ஏன் தவறியது என்று ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள்: தெரியாததாலா, கேள்வியைச் சரியாகப் படிக்காததாலா, இரண்டு விடைகளுக்கு இடையே தடுமாறியதாலா. சில வாரங்கள் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் உங்கள் பலவீனம் எந்தப் பாடத்தில் என்பதைவிட, எந்த வகைக் கேள்வியில் என்பது விளங்கும்.

இனி, வெளிநாட்டில் படித்தவர்கள் மிகுதியாகத் தவறவிடும் பகுதியைச் சொல்கிறேன். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி ஒருவர் இரவு தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்திருக்கிறார். சற்று நேரத்தில் இமைகள் தொங்குகின்றன, விழுங்க முடியவில்லை. உடம்பில் கடிவாயும் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. வெளிநாட்டுப் பாடநூலை மட்டுமே படித்தவர் பக்கவாதம் என்றோ மயஸ்தீனியா என்னும் தசைத் தளர்ச்சி நோய் என்றோ யோசிப்பார். நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர் கட்டுவிரியன் என்று சொல்லிவிடுவார். அதே நோயாளிக்குக் காலில் கடுமையான வீக்கமும் ஈறில் இரத்தக் கசிவும் இருந்திருந்தால் கண்ணாடி விரியனை நினைக்க வேண்டும். அப்போது சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். விஷமுறிவு மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்ததன்று. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். தேர்வில் இதுவும் கேட்கப்படும், நாளைக்கு இரவுப் பணியிலும் இது தேவைப்படும்.

இதைப் போலவே அக்குளில் கருத்த பொருக்கோடு வரும் காய்ச்சல் என்றால் ஸ்கிரப் டைபஸ், வயல் தண்ணீரில் நின்றவருக்குக் கண் சிவந்து கெண்டைக்கால் வலித்தால் எலிக்காய்ச்சல், பூச்சிமருந்து குடித்தவருக்கு ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, அரளி விதையை அரைத்துக் குடித்தவருக்குக் குறைந்துபோகும் நாடித்துடிப்பு என்று நம் மண்ணுக்குரிய நோய்களும் நஞ்சுகளும் ஒரு தனி வரிசையாகவே இருக்கின்றன. யானைக்கால் நோயைப் படிக்கும்போது, 1975 முதல் நம் புதுச்சேரியிலேயே கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய ஆய்வு மையம் இயங்கிவருவதையும், அது இங்கே அமைய இந்தக் கடற்கரைப் பகுதியின் நோய்ச்சுமையும் ஒரு காரணம் என்பதையும் நினைத்துக்கொண்டால், அதைப் பரப்பும் குயூலெக்ஸ் கொசுவும் அதைக் கண்டறியும் இரவு நேர இரத்தப் பரிசோதனையும் வெறும் மனப்பாடமாக இருக்காது.

சமூக மருத்துவத்தின் 30 மதிப்பெண்ணில் கணிசமான பகுதி இந்தியாவைப் பற்றியது. தேசியத் தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம், சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற வரையறை ஆகியவற்றை வீடியோவில் பார்த்து மனத்தில் நிறுத்துவது கடினம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதோறும் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடுகிறார்கள். வில்லியனூரிலிருந்து கடலூர் மாவட்டக் கிராமங்கள் அதிக தூரமில்லை. மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு ஒரு புதன்கிழமை காலை கிராம சுகாதார செவிலியருக்கு அருகில் உட்கார்ந்து பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தைக்கு எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியோடு வேறு என்னென்ன போடுகிறார், கரைத்த எம்.ஆர். மருந்தை நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஏன் கொட்டிவிடுகிறார், மருந்துக் குப்பியின் மேலுள்ள சிறு சதுரத்தின் நிறம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் ஏன் உற்றுப் பார்க்கிறார் என்பதையெல்லாம் கண்ணால் கண்டுவிட்டால் மறக்காது. அந்தச் செவிலியர் அளவுக்கு இந்த அட்டவணையைத் துல்லியமாக அறிந்தவர்கள் மிகக் குறைவு. மரியாதையாகக் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்.

தடயவியலில் ஓர் எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான பழைய 304ஏ பிரிவு இப்போது 106. காவல்துறை நடத்தும் இறப்பு விசாரணைக்கான, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. சீனியர்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய நோட்டுகளில் பழைய எண்களே இருக்கும். அவற்றைத் திருத்தாமல் படிக்காதீர்கள்.

கேள்வி: தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா? தேர்வு நேரம் போதவில்லை என்று பலரும் சொல்கிறார்கள், உண்மையா?
(வாசகி, பண்ருட்டி)

பதில்: குறைக்கமாட்டார்கள், ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடை குறிக்காமல் விட வேண்டாம். ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக, பகுதிக்கு 150 கேள்விகளும் 150 நிமிடங்களும் என்று தேர்வு கணினியில் நடக்கிறது. இப்போது ஒவ்வொரு பகுதியும் நேரம் வரையறுக்கப்பட்ட பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட கேள்விக்கு அந்தப் பிரிவின் நேரம் முடிந்தபின் திரும்பிப் போக முடியாது. வீட்டில் கிராண்ட் டெஸ்ட் என்னும் முழு மாதிரித் தேர்வு எழுதும்போதும் இதே முறையில், காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக, இடையில் போனைத் தொடாமல் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: தேர்வுக்குப் படித்துக்கொண்டே இரவு நேர டியூட்டி டாக்டராக வேலை செய்ய ஒரு தனியார் மருத்துவமனை அழைக்கிறது. நல்ல சம்பளம், அனுபவமும் கிடைக்கும், கையெழுத்தை வேறு மருத்துவர் போட்டுக்கொள்வார் என்கிறார்கள். அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. போகலாமா?
(வாசகர், விருத்தாசலம்)

பதில்: போகாதீர்கள் தம்பி. கடன் சுமை எனக்குப் புரியாமல் இல்லை. நிலத்தை அடமானம் வைத்துப் படிக்க அனுப்பிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. ஆனாலும் பதிவு எண் இல்லாமல் ஒரு நோயாளிக்கு மருந்து எழுதினால், ஊசி போடச் சொன்னால், அது சட்டப்படி மருத்துவத் தொழில் செய்வதாகும். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு வந்த ஒருவர் உங்கள் கையில் இறந்துபோனால், கையெழுத்துப் போடுவதாகச் சொன்ன மருத்துவர் அன்று அந்த இடத்தில் இருக்கமாட்டார். காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதைவிடப் பெரிது, வந்தவரின் குடும்பத்துக்கு நீங்கள் பதிவு பெற்ற மருத்துவர் அல்லர் என்பது தெரியாது. அவர்கள் உங்களை நம்பித்தான் உள்ளே வருகிறார்கள்.

குறுக்கு வழியின் முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு நடந்த நிகழ்வே சான்று. தேர்வில் தேறாமலேயே மாநில மருத்துவ மன்றங்களில் பதிவு பெற்றுத் தொழில் செய்துவந்ததாக 73 பேர் மீது 2022 டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. வினாத்தாள் கிடைக்கும், மதிப்பெண்ணைக் கூட்டித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களையும் இதே கணக்கில் சேர்த்து விலக்கிவிடுங்கள்.

அனுபவத்துக்கு வழி இருக்கிறது. எந்தச் சிகிச்சையும் செய்யாமல், பார்வையாளராக மட்டும் மூத்த மருத்துவர் ஒருவரின் புறநோயாளி பிரிவில் வாரம் இரண்டு காலைப் பொழுதுகள் உட்கார அனுமதி கேளுங்கள். வருமானத்துக்கு நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் பாடம் எடுக்கலாம். வட்டி முழுவதும் அடையாது, ஆனால் பிசியாலஜியும் கூடவே உங்களுக்குத் திரும்ப வந்துவிடும்.

கேள்வி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், ரஷ்யப் பட்டத்தில் வேறு விதமாகவும் என் பெயர் இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா? தேறிய பிறகு என்ன நடைமுறை?
(வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி)

பதில்: வரும், அதனால் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்கள். இது தமிழர்களுக்கென்றே அமைந்த தொல்லை. தந்தை சண்முகம், மகள் ஹரிணி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் 'ஹரிணி எஸ்'. பாஸ்போர்ட்டில் முதலெழுத்து விரிந்து 'ஹரிணி சண்முகம்'. ரஷ்ய எழுத்தில் 'ஹ' ஒலிக்கு நேரான எழுத்து இல்லாததால், பட்டத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து வாங்கும்போது 'சண்முகம் காரிணி' என்று வந்து நிற்கும். மூன்றும் ஒருவரே என்பதைச் சரிபார்க்கும் அலுவலருக்கு நீங்கள்தான் நிறுவ வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து, பாஸ்போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு, இரு பெயர்களும் ஒரே மாணவருடையவை என்ற கடிதம் பெறுவதே உறுதியான வழி. அத்துடன் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்துவையுங்கள். இன்னும் அங்கேயே இருக்கும் தோழியர் இருந்தால், ஊர் திரும்புவதற்கு முன் மொழிபெயர்ப்பில் எழுத்துக்கூட்டலைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இங்கு வந்தபின் அதே திருத்தத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். பட்டத்துக்கு அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ அப்போஸ்டில் முத்திரையோ (ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) தேவை என்பதையும் நினைவூட்டுங்கள்.

தேறிய பின் மாநில மருத்துவ மன்றத்தில் தற்காலிகப் பதிவு, அதன்பின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் குறைந்தது ஓராண்டு சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் கட்டாயச் சுழற்சிமுறை உள்ளுறைப் பயிற்சி, அதை முடித்தபின் நிரந்தரப் பதிவு. கொரோனாவாலோ உக்ரைன் போராலோ கடைசி ஆண்டுகளை ஆன்லைனில் படித்தவர்களுக்குப் பயிற்சிக் காலம் கூடுதலாகலாம்; உங்கள் சான்றிதழில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கு படித்தவர்களுக்கு இணையான உதவித்தொகை தர வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையில் உள்ளது. யாராவது பணம் கேட்டால் அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். நீட் தேர்வில் தகுதி பெற்றும் இங்கே இடம் கிடைக்கவில்லை. ஏஜென்ட் ஒருவர் ஒரு நாட்டைச் சொல்லி அவசரப்படுத்துகிறார். இந்தத் தேர்வுச் சிக்கலையெல்லாம் பார்த்தால் பயமாக இருக்கிறது, அனுப்பலாமா?
(ஒரு தந்தை, நெய்வேலி)

பதில்: அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் முடிவு. ஆனால் 2021 நவம்பர் 18 அன்று வெளியான விதிமுறைகளின்படி, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதன்பின் 12 மாதப் பயிற்சியை அதே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிக்க வேண்டும். பாடமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அந்தப் பட்டத்தோடு அந்நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெற்றுத் தொழில் செய்யும் தகுதியும் கிடைக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், ஆறு ஆண்டும் பணமும் போனபிறகு இங்கே தேர்வு எழுதவே இயலாமல் போகும். ஆகவே ஏஜென்ட் தரும் வண்ணத் தாளை நம்பாமல், பல்கலைக்கழகத்திடமே இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஃப்.எம்.ஜி.இ.க்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வைக் கொண்டுவர 2023இல் விதிமுறைகள் வெளியாகித் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மகன் திரும்பி வரும்போது அது நடைமுறையில் இருந்தால், இங்குள்ள மாணவர்களும் அவனும் ஒரே தேர்வைத்தான் எழுதுவார்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் உள்ளன, மூன்றாம் ஆண்டிலிருந்து மாணவர்களை நோயாளியிடம் நேரே பேச விடுகிறார்களா, அந்த ஊர் மொழியை முறையாகக் கற்றுத்தருகிறார்களா என்று அங்கே இப்போது நான்காம் ஆண்டு படிக்கும் தமிழ் மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம், ஏஜென்ட் உடனில்லாமல் பேசிக் கேளுங்கள். அவர்களின் தொலைபேசி எண்ணைத் தர ஏஜென்ட் மறுத்தால், முன்பணம் கட்ட வேண்டாம்.